தரை தொடாத மழை

திங்கட்கிழமை காலை எட்டு மணி அடித்தால், குடிநீர் நிலையத்து வாசல் பலகையில் அந்த வாரத்து வானிலை தயாராக இருக்கும். எழுதுகிறவள் அங்கே மோட்டார் பார்த்துக்கொள்ளும் பெண். மழைமானியும் இரண்டு தெர்மாமீட்டர்களும் அவள் பொறுப்பு. ஊர் அவளுக்கு வைத்த பெயர் மேகக்காரி. செங்கல் சூளைக்காரருக்கு அவள் மனைவியின் தங்கை. ஆகவே கேலி செய்வதை அவர் ஒரு கடமையாகவே வைத்திருந்தார்.

இந்த வாரப் பலகை இப்படிச் சொன்னது: ‘புதன் வரை மேகம் வரும், மழை இல்லை. வியாழன் காலை தாழ்ந்த சாம்பல் மேகம், நாள் முழுக்கத் தூறல். வெள்ளி மாலை கோபுர மேகம், இடியுடன் மழை.’

"ஏம்மா, மேகமெல்லாம் உன்கிட்ட லீவு லெட்டர் குடுத்துட்டுத்தான் போகுதா?"

"குடுக்குது அத்தான். படிக்கிறவங்க கையிலதான் குடுக்குது."

சிரித்துக்கொண்டே போனவர், பலகையை நம்பித்தான் காரியம் செய்தார். இன்னும் சுடாத இருபதாயிரம் பச்சைக்கல்லைக் களத்தில் காயப்போட்டார். புதன் மாலைக்குள் காய்ந்தால் சூளையில் அடுக்கிவிடலாம். தவறினால் வியாழக்கிழமைத் தூறலில் எல்லாம் சேறு. இந்தப் பருவத்தின் கடைசிச் சூளை அது. நெருப்பு மூட்ட முடியாவிட்டால் பன்னிரண்டு பேரையும் வேலையில்லாமல் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான்.

புதன்கிழமை மதியம் இரண்டு மணி. மேற்கே வானம் கன்னங்கரேலென்று ஆயிற்று. மேகத்தின் அடியிலிருந்து சாம்பல் நிறத் திரைகள் தொங்கின. மழைதான், சந்தேகமே இல்லை.

"முதலாளி, வந்துடுச்சு!" என்று மேஸ்திரி கத்தினார். "தார்ப்பாயை இழுங்கப்பா!"

சூளைக்காரர் களத்தையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மூடினால் அரைக்காய்ச்சல் கல் உள்ளுக்குள் புழுங்கி, மாலைக்குள் காயாது. மூடாவிட்டால் இப்போதே கரைந்துபோகும். ‘மழை இல்லை’ என்று கொட்டை எழுத்தில் எழுதினாளே மகராசி!

அந்த மகராசியே சைக்கிளில் வந்து இறங்கினாள். முகமெல்லாம் வியர்வை.

"அத்தான், மூடாதீங்க!"

"கண்ணு தெரியலையா உனக்கு? அங்க கொட்டுது!"

"கொட்டுது. ஆனா தரைக்கு வரல. அந்தத் திரைக்குக் கீழ பாருங்க. தூரத்துல மில்லு புகைபோக்கி அடிவரைக்கும் தெளிவாத் தெரியுதா இல்லையா?"

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். தெரிந்தது. மில் வேலிகூடத் தெரிந்தது.

"தரையில மழை விழுந்தா அது மறைஞ்சிருக்கணும். இது உயரத்து மேகம். அடி எப்படிப் பிஞ்சு பிஞ்சு தொங்குது பாருங்க. கீழ காத்து அவ்வளவு வறட்சி. ஈரத்துணி சுத்துன தெர்மாமீட்டருக்கும் வெறும் தெர்மாமீட்டருக்கும் பன்னிரண்டு டிகிரி வித்தியாசம் காட்டுது. விழுற தண்ணி பாதி வழியிலேயே ஆவியாயிடும்."

"ஆயிடுமா? ஆகலைன்னா?"

"ஆகலைன்னா நான் தப்பு" என்றாள் அவள். குரலில் நடுக்கம் இல்லை. "ஆனா காத்து வரும். ஆவியாகும்போது காத்து குளிர்ந்து கனமாகி மேலேர்ந்து தொப்புனு இறங்கும். பாதி விரிச்ச தார்ப்பாய் பறந்தா உங்க வரிசையெல்லாம் சரியும். முதல்ல அதைச் சுருட்டுங்க. சூளைச் சாரத்து மேல நிக்கிறவங்களை இறக்குங்க."

மேஸ்திரி முதலாளியைப் பார்த்தார். பன்னிரண்டு பேரும் பார்த்தார்கள். சூளைக்காரர் மேகத்தைப் பார்க்கவில்லை. மச்சினியின் முகத்தைப் பார்த்தார். ஏழு வருஷமாக அந்தப் பலகையில் ‘இருக்கலாம்’, ‘தெரியவில்லை’ என்றெல்லாம் கூசாமல் எழுதியவள். இன்றைக்கு அந்த வார்த்தைகள் அவள் வாயில் வரவில்லை.

"சுருட்டுங்கப்பா" என்றார்.

"முதலாளி..."

"சுருட்டுன்னா சுருட்டு!"

கடைசித் தார்ப்பாயைக் கட்டுவதற்குள் காற்று வந்துவிட்டது. காற்றா அது! கொட்டகைக் கூரையின் ஒரு தகரம் எழும்பிச் சுழன்று வேலிக்கு அப்பால் போய் விழுந்தது. செம்மண் கண்ணை மறைத்தது. எல்லோரும் சூளைச் சுவரோரம் குனிந்து உட்கார்ந்தார்கள். சூளைக்காரரின் கையில் ஒரு துளி விழுந்தது. அவருக்கு உயிரே போனாற்போல் ஆனது. இரண்டாவது துளி மூக்கில். மூன்றாவதற்குக் காத்திருந்தார். அது வரவேயில்லை.

கால் மணி நேரத்தில் கறுப்பு கிழக்கே நகர்ந்து, வெயில் சுள்ளென்று அடித்தது. நான்கு வரிசைகளின் ஓரத்தில் ஏழெட்டுக் கல் உருண்டிருந்தன, அவ்வளவுதான். அவர் ஒரு கல்லைக் கட்டைவிரலால் அழுத்தினார். பதியவில்லை. வறண்ட காற்று, வெயில் செய்யும் வேலையை முந்திச் செய்திருந்தது.

"ஏத்துங்கப்பா சூளையில!" என்றவர் திரும்பினார். "ஏம்மா, ஊர்ல பாதிப்பேர் கறுப்பைப் பார்த்தா மழைன்னு ஓடுவோம். நீ புகைபோக்கியைப் பார்க்குற. உன்னை மாதிரி..."

அவள் கேட்டதாகவே தெரியவில்லை. தன் மேலேயே கோபம்போல முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சைக்கிளைத் திருப்பினாள்.

"காத்து வரும்னு திங்கட்கிழமை எழுதல அத்தான். உங்ககிட்ட வந்து சொன்னேன். ஊர்ல மத்தவங்களுக்கு யார் சொன்னா? எங்கயாவது கூரை போயிருக்கான்னு பார்த்துட்டு வரேன்."

மிதித்துப் போகிறவளையே அவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

"முதலாளி, கல்லு தூக்க இருக்கிற ஆளே பத்தாது" என்றார் மேஸ்திரி.

"பொறுய்யா" என்றார் அவர். "கொட்டகைக் கயிறையும் ஏணியையும் எடு. கூரை போன வீட்டுக்கு அவ வெறுங்கையோட போறா."

இருவரை ஏணியோடு அவள் பின்னால் அனுப்பிவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு முதல் கல்லைத் தானே தூக்கினார்.