ஐந்து மணிக்கு மேல் வசதிக் கட்டணம்

லிங்கன் நகரத்துச் சட்டமன்றத்தில் ஒரு நல்ல வழக்கம். எந்த மசோதாவாக இருந்தாலும் யார் வேண்டுமானாலும் போய்ப் பேசலாம். பெயரைச் சொல்லி, அதை எழுத்தெழுத்தாகவும் சொல்லிவிட்டு ஆரம்பிக்க வேண்டும்; மேசையில் சிவப்பு விளக்கு எரிந்ததும் வாயை மூட வேண்டும். அன்றைய மசோதா, வண்டி வாங்குகிறவர்கள் கார்டில் பணம் கட்டினால் கடைக்காரர்கள் போடுகிற வசதிக் கட்டணத்துக்குக் கடிவாளம் போடுவது. யாருக்கு வசதி என்று மட்டும் கேட்கக் கூடாது.

எதிர்த்துப் பேச வந்தவள் டார்லா. அக்கா மார்னியின் கணவர் வெர்ன் நடத்தும் கார் கடையில் பத்திரங்களில் கையெழுத்து வாங்குவது அவள் வேலை. விவாகரத்தாகி வெறுங்கையோடு நின்றபோது வெர்ன்தான் அந்த நாற்காலியைக் கொடுத்தார். அந்தச் சின்ன ஊரில் ஐம்பது வயதுக்காரிக்கு வேறு யார் வேலை தரப்போகிறார்கள்? அவர் சொல்லிக் கொடுத்ததை வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்தாள்.

"அத்தான், நீங்களே பேசக் கூடாதா?"

"நான் பேசுனா கடைக்காரன் புலம்புறான்னுவாங்க. உன் மூஞ்சியப் பாத்தா சர்ச்சுல கேக் விக்கிறவ மாதிரி இருக்கு. நம்புவாங்க, போ."

பச்சை விளக்கு எரிந்தது. டார்லா தடுமாறாமல் ஒப்பித்தாள். கார்டுக்கு மூன்று சதவீதம் பிடிக்கிறோம்தான், ஆனால் பேங்க் காசோலை கொண்டுவந்தால் கட்டணமே இல்லை, யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. பின்வரிசையில் வெர்ன் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

மசோதாவை விசாரிக்கும் குழுவின் தலைவி செனட்டர் லண்டீன் கண்ணாடியைக் கழற்றினார். "நானும் ஒரு பிக்கப் வண்டி வாங்கலாம்னு இருக்கேன். உங்க கடைக்கு வந்தா எனக்கும் அந்த மூணு சதவீதம் உண்டா?"

வாங்க வந்தவர் என்று ஒருவர் வாய் திறந்தால் போதும், கார் கடைக்காரர்களுக்கு மற்றதெல்லாம் மறந்துவிடும். டார்லாவின் முகம் மலர்ந்துவிட்டது. "ஐயோ, உங்களுக்கு எதுக்குங்க? காலையிலேயே கூப்பிட்டுப் பத்திரத்த முடிச்சிடுவேன். பேங்க் திறந்திருக்கும், ஒரு சென்ட் கூட அதிகமா வராது."

செனட்டர் பேனாவைக் கையில் எடுத்தார்.

"அப்போ மத்தவங்களுக்கு எப்போ முடிப்பீங்க?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மழுப்பியிருக்கலாம், வாய்வரை ஒரு பொய் வந்தும் விட்டது. ஆனால் போன வாரம் வந்த கிழவர் நினைவுக்கு வந்தார். காசோலை நாளைக்குக் கொண்டுவருகிறேனே என்று கெஞ்சியவர், புதுசுக்கு மாற்றாகக் கொடுத்த தன் பழைய வண்டியைக் கடை ஆட்கள் அதற்குள் எங்கோ ஓட்டிப்போய்விட்டதைக் கண்டதும் பேசாமல் கார்டை நீட்டினார். அன்றைக்கு வெட்கப்படாததற்கும் சேர்த்து இன்றைக்கு வெட்கமாக இருந்தது.

"அஞ்சு மணிக்கு மேலதாங்க. வேணும்னேதான். பேங்க் மூடியிருக்கும், பழைய வண்டியும் எங்க கைக்கு வந்திருக்கும். கார்ட விட்டா அவங்களுக்கு வேற வழி கிடையாது."

சிவப்பு விளக்கு எரிந்தது.

திரும்பும் வழியில் வெர்ன் காரை விரட்டிக்கொண்டு போனார். வேலை போய்விட்டது என்றே டார்லா முடிவுகட்டினாள். "நாளைக்கே கடைச் சாவியக் குடுத்துடறேன், அத்தான்." அவர் பதில் சொல்வதற்குள் காரில் போன் ஒலித்தது. மார்னி.

"ஏங்க, டிவியில எல்லாம் பாத்தேன்."

"உன் தங்கச்சி பண்ணின வேலையப் பாத்தியா?"

"பாத்தேன். கஸ்டமருங்க சாயங்காலந்தான் வர்றாங்க, நான் என்ன பண்ணட்டும்னு எத்தன வருஷமா சொல்றீங்க? பிள்ளைங்க உங்களுக்காகக் காத்திருந்து காத்திருந்து தூங்கிப்போகும். வளந்து வீட்ட விட்டும் போயாச்சு. அந்தச் சாயங்கால நேரமெல்லாம் நீங்களா வெச்சுக்கிட்டதா?"

வெர்ன் என்னவோ சொல்ல வாயெடுத்தார். மார்னி போனை வைத்துவிட்டாள்.

இருபுறமும் அறுவடை முடிந்த சோளக்காடு போய்க்கொண்டே இருந்தது. வெர்ன் காரின் வேகத்தைக் குறைத்துக்கொண்டு பேசினார். டார்லா அதுவரை கேட்டறியாத சன்னக் குரலில்.

"எல்லாக் கையெழுத்தையும் காலையிலேயே வாங்கிட்டா... அஞ்சு மணிக்குக் கடையப் பூட்டிடலாமா, டார்லா?"

"பூட்டிடலாம், அத்தான்."