கெல்சோ தோற்ற சனிக்கிழமை

மரிசெலா கான்டூ தட்டில் இரண்டு டாக்கோவை வைத்துக்கொண்டு திரும்பியபோது, கெல்சோ கல்லூரிச் சாப்பாட்டுக் கூடத்தின் நீண்ட மேசையில் ஒரே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அவள் கிட்டே போனதும் கிரேடி ப்ரூயிட் தன் புத்தகப் பையைத் தூக்கி அதன்மேல் வைத்தான்.

"யாராச்சும் வராங்களா?" என்று கேட்டாள்.

"ஆமா, நியாயம் வருதாம். அதுக்குத்தான் இடம் புடிச்சு வெச்சிருக்கேன்."

மேசை முழுக்கச் சிரித்தது. மரிசெலா ஜன்னலோரம் போய்த் தனியாக உட்கார்ந்தாள். வெளியே வாரம் தொடங்கியதிலிருந்து விடாத மழை. மூன்று வருஷத்தில் அந்தக் கூடத்தில் அவள் தனியாகச் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அந்தப் பல்கலைக்கழகத்துக்குள் பதினோரு கல்லூரிகள். பாடம் எல்லாருக்கும் பொது. சோறு, படுக்கை, சண்டை மூன்றும் தனித்தனி. யாருக்கு எந்தக் கல்லூரி என்பதைக் குலுக்கல் போட்டுத்தான் முடிவு செய்வார்கள். அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு போட்ட குலுக்கலில் விழுந்த கல்லூரிக்காகப் பிள்ளைகள் நாலு வருஷம் உயிரை விடுவார்கள். ஏன் என்று கேட்டால் ஒருத்தருக்கும் சொல்லத் தெரியாது. டெக்சஸின் தெற்கு மூலையிலிருந்து, தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாமல் மரிசெலா வந்து இறங்கிய ஆகஸ்ட் வெயிலில், பச்சைச் சட்டை போட்ட கூட்டம் ஒன்று அவள் அப்பாவின் வண்டியைச் சூழ்ந்துகொண்டு அவள் பெயரைச் சொல்லிக் கத்தியது. பெட்டிகளை மூன்றாம் மாடிக்கு அவர்களே சுமந்தார்கள். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அவளுக்குக் கெல்சோதான் வீடு. அந்த வீட்டார்தான் இந்த வருஷம் ஓட்டுப் போட்டு அவளைக் கல்லூரியின் நீதிபதி ஆக்கினார்கள்.

நீதிபதி என்றதும் அங்கியையும் சுத்தியலையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அடுத்தவன் வைத்த பாலை யார் குடித்தது, மாடியில் டிரம்ஸ் அடித்து யார் ஊரைக் கெடுத்தது, இப்படிப்பட்ட வழக்குகள்தான். ஆனாலும் கெல்சோக்காரர்களுக்கு அதில் ஒரு திமிர் உண்டு. தங்கள் ஆள் செய்த தப்பை அவர்கள் நிர்வாகத்தின் கையில் கொடுத்ததே இல்லை. தாங்களே கேட்டு, தாங்களே தண்டித்துக்கொள்வார்கள். கல்லூரியை ஒட்டிய வீட்டில் குடியிருக்கும் பேராசிரியருக்குக்கூட அந்தக் கூட்டத்தில் வாய் திறக்க உரிமை கிடையாது. அவரும் அவர் நாயும் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போகவேண்டியதுதான்.

இப்போது வந்திருந்தது பால் வழக்கு இல்லை. டெல்பின் ப்ரூசார்ட் வழக்கு.

டெல்பின் லூசியானாக்காரி, இயந்திரவியல் படிப்பவள், மரிசெலாவோடு ஒரே அறையில் மூன்று வருஷமாக இருப்பவள். வசந்தம் வந்தால் கல்லூரிகள் ஒன்றன் காலை ஒன்று வாருவது வழக்கம். அதற்கு ஒரே விதி, எதுவும் உடையக் கூடாது. போன ஞாயிற்றுக்கிழமை இரவு டெல்பின் முதல் வருஷப் பிள்ளைகள் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு, எதிர்க் கல்லூரியான டன்மோரின் பியானோவைச் சரிவுப் பாதையில் உருட்டி வந்து புல்வெளியின் நடுவில் நிறுத்தி, அதன் மேல் கெல்சோவின் பச்சைக் கொடியை நட்டுவிட்டுப் போனாள். காலையில் டன்மோர்க்காரர்கள் பார்த்து வயிறெரிய வேண்டும், அவ்வளவுதான் திட்டம். இத்தனை கணக்குப் படித்தவளுக்கு வானத்தை அண்ணாந்து பார்க்கத் தோன்றவில்லை. விடிவதற்குள் கொட்டிய மழையில் பியானோ ஊறி, உப்பி, பலகை பலகையாகப் பிரிந்துபோனது.

"நீங்க விசாரிக்கறீங்களா, இல்ல நாங்க எடுத்துக்கட்டுமா?" என்று நிர்வாகம் கேட்டது. நிர்வாகம் எடுத்துக்கொண்டால் டெல்பினின் படிப்புச் சான்றிலேயே கறை விழும். கெல்சோ விசாரிக்கும் என்று மரிசெலா சொன்னாள். அதுவரை எல்லாரும் அவளைத் தட்டிக்கொடுத்தார்கள். விசாரணை வியாழக்கிழமை என்றதும்தான் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார்கள்.

ஏனென்றால் சனிக்கிழமை தொட்டி ஓட்டம். ஒவ்வொரு கல்லூரியும் ஒரு குளியல் தொட்டிக்குச் சக்கரம் கட்டி, தண்ணீர் நிரப்பி, ஒருத்தரை உள்ளே உட்காரவைத்து, நாலு பேர் தள்ளிக்கொண்டு வளாகத்தின் உள்சாலையை ஒரு சுற்று வர வேண்டும். கெல்சோ ஜெயித்ததை அங்கே இருந்த ஒருத்தரும் பார்த்ததில்லை. இந்த வருஷம் டெல்பின் குளிர்காலம் முழுக்கப் பட்டறையே கதி என்று கிடந்து தொட்டிக்கு அடியில் சக்கரம் வைத்த இரும்புச் சட்டம் ஒன்றைப் பற்றவைத்திருந்தாள். திருப்பங்களில் தொட்டி வழுக்கிக்கொண்டு போகும். ஒரு சொட்டு சிந்தாது. அதை ஓட்டத் தெரிந்தவளும் அவள் ஒருத்திதான்.

மரிசெலாவுக்கு ஒரு நல்ல வழியும் இருந்தது. ஒரே அறையில் இருப்பவள் என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ளலாம். துணை நீதிபதி கிரேடி வழக்கைக் கேட்பான். கிரேடியே தொட்டி தள்ளுகிறவன். விசாரணையைத் திங்கட்கிழமைக்குத் தள்ளிவிடுவான். யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது. அவள் அந்த ஆசையோடுதான் அன்று அறைக்குப் போனாள்.

"நான் ஒதுங்கிக்கட்டுமாடி?" என்று டெல்பினிடம் கேட்டாள்.

"ஒதுங்கினா கிரேடி என்ன பண்ணுவான்? ஓட்டம் முடியட்டும்பான். அப்புறம், கப்பு வாங்கிக் குடுத்த புள்ளைய எப்படிடா திட்றதும்பான். கேக் வெட்டி அனுப்பிருவான்."

"உனக்கு அது நல்லதுதானே?"

"நல்லதுதான்." டெல்பின் கட்டிலில் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். "நேத்து சாப்பாட்டு நேரத்துல டன்மோர் பக்கமா போனேன். அங்க ஒரு பொண்ணு தினமும் வாசிக்கும், வெளியில வரைக்கும் கேக்கும். நேத்து ஸ்பூன் சத்தம்தான் கேட்டுது. நீயே கேளு மரி. நீ எனக்காகப் பாக்க மாட்டே."

"பாக்க மாட்டேன்னு உனக்கு யாருடி சொன்னா? பாக்கணும்னுதான் இருக்கு."

"பாரு, ஒளிக்காம சொல்ற. அதனாலதான் நீ."

மரிசெலா டன்மோருக்குப் போய், நான் டெல்பினின் அறைத்தோழி, நான் கேட்பதில் உங்களுக்குச் சம்மதமா என்று நேராகவே கேட்டாள். சம்மதம் என்றார்கள். தப்பிக்க இருந்த கடைசிச் சந்தும் அடைபட்டது.

வியாழக்கிழமை சாப்பாட்டுக் கூடம் நிரம்பி வழிந்தது. டன்மோரிலிருந்து லான் என்ற முதல் வருஷப் பெண் வந்திருந்தாள். பியானோ வாசிப்பவள் அவள்தான். அத்தனை பச்சைச் சட்டைக்கு நடுவில் மஞ்சள் சட்டையோடு அவள் ஒருத்திதான் நின்றாள். மஞ்சள் டன்மோரின் நிறம்.

"புதுசு வாங்கித் தரோம்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. செப்டம்பர்ல வருமாம்" என்றாள். "எனக்கு யாரு மேலயும் கோவம் இல்ல. ஆனா சனிக்கிழமை மத்தியானம் எங்க காலேஜ்ல பெத்தவங்களுக்கு விருந்து. எங்கம்மா நகப்பூச்சு போடற கடையை மூடிட்டு வராங்க. நான் வாசிச்சு எங்கம்மா கேட்டதே இல்ல, வீட்ல பியானோ கெடையாது."



டெல்பின் எழுந்தாள். "நான்தான் செஞ்சேன். கூட வந்தவங்க நான் தள்ளச் சொன்ன எடத்துல தள்ளினாங்க, பேரு கேக்காதீங்க. மழைய நான் யோசிக்கல. அதுக்கு மேல சொல்ல ஒண்ணும் இல்ல."

மரிசெலா எழுந்து நின்றாள். தீர்ப்பைச் சொன்னாள். "டெல்பின் சனிக்கிழமை தொட்டியில ஏறக் கூடாது. அது அவளுக்கு. இன்னொண்ணு நமக்கு."

"நமக்கா? நாம என்ன பண்ணோம்?" என்று கிரேடி குதித்தான்.

"பியானோ மேல என்ன கொடி இருந்துச்சு? டெல்பின் கொடியா? நம்ம கொடி. காலைல ஜன்னல்லேர்ந்து பாத்து கைதட்டினது யாரு? நானும்தான் தட்டினேன். தப்பும் நம்மளுதுதான். நம்ம பொது ரூம்ல இருக்கற பியானோ சனிக்கிழமை மத்தியானத்துக்குள்ள டன்மோர்ல இருக்கணும். திரும்பி வராது. ஆள் வெச்சுத் தூக்கக் கூடாது, நாமே கொண்டுபோய் வெக்கணும்."

கூச்சல் கூரையைப் பிளந்தது. பிறந்தநாள் பாட்டை ஒற்றை விரலால் தட்டுவதைத் தவிர கெல்சோவில் ஒருத்தருக்கும் அந்தப் பியானோவை வாசிக்கத் தெரியாது. இருந்தும் அதைக் கொடு என்றதும் எல்லாருக்கும் அது பெற்ற பிள்ளை ஆகிவிட்டது. "உன்னைப் போய் ஓட்டு போட்டோமே!" என்று ஒரு குரல் கேட்டது. பேராசிரியரின் நாய்கூடக் குரைத்தது. மரிசெலா அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

வெள்ளிக்கிழமையும் மழை. மழையில் நனைந்து செத்த பியானோவுக்கு ஈடாகப் போகும் பியானோவை மழையிலேயே எடுத்துப் போக முடியுமா? காத்திருந்தார்கள். சனிக்கிழமை காலை வானம் வெளுத்தது; மத்தியானம் மறுபடி கொட்டும் என்று வானிலை அறிக்கை சொன்னது. வெயில் இருக்கப்போவது ஓட்டம் நடக்கும் நேரத்தில் மட்டும்தான். பியானோவின் சொந்தச் சக்கரங்களோ துருப்பிடித்து எந்தக் காலத்திலோ இறுகியவை.

கிரேடி மரிசெலாவின் கதவைத் தட்டினான். கிண்டல் எல்லாம் போயிருந்தது.

"டெல்பின் இல்லாம வேற ஆளை ஏத்திட்டோம். தோத்தாலும் ஓடிட்டு வந்துருவோம். பியானோவுக்குச் சாயங்காலம் வரைக்கும் டைம் குடு. ப்ளீஸ். இதுக்கப்புறம் உன்னை ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்."

அவன் மூன்று மாதமாகத் தினமும் தள்ளிப் பழகிய கதை அவளுக்குத் தெரியும். சரி என்று சொன்னால் மேசையில் பழைய நாற்காலி கிடைத்துவிடும். அதை அவள் எவ்வளவு ஆசைப்பட்டாள் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

"லானோட அம்மா சாயங்காலம் இருக்க மாட்டாங்க, கிரேடி" என்றாள்.

இருவரும் கீழே இறங்கி வந்தபோது முற்றத்தில் ஸ்பேனர் சத்தம். டெல்பின் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு, சட்டத்திலிருந்து தொட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னடி பண்ற?" கிரேடி அலறினான்.

"பியானோ கனத்தைத் தாங்கற சக்கரம் இந்தக் காலேஜ்லயே இது ஒண்ணுதான். அந்தப் பக்கம் புடி."

கிரேடி கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டு, குனிந்து அந்தப் பக்கம் பிடித்தான். அதைப் பார்த்து மாடியிலிருந்து ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். போர்வைகள் வந்தன, கயிறு வந்தது. பன்னிரண்டு பேர் மூச்சைப் பிடித்துத் தூக்கிப் பியானோவைச் சட்டத்தில் ஏற்றினார்கள்.

டன்மோருக்குப் போகும் ஒரே சீரான பாதை உள்சாலைதான். பத்துக் கல்லூரித் தொட்டிகளும் தண்ணீரை இறைத்துக்கொண்டு பறந்துபோய், கூட்டம் கலையப் பார்த்த நேரத்தில் கெல்சோ திருப்பத்தில் வந்தது.

"இதோ, இதோ கெல்சோவின் தொட்டி..." என்று ஒலிபெருக்கிக்காரன் ஆரம்பித்துவிட்டு நிறுத்தினான். "மன்னிக்கணும். கெல்சோவின் பியானோ."

ஊரே சிரித்தது. கெல்சோக்காரர்கள் சிரிக்கவில்லை. பச்சைச் சட்டைகள் வியர்வையில் ஒட்டிக்கொள்ள, ஒரு பிள்ளைத்தாய்ச்சியை அழைத்துப் போகிற பதவிசில், மேடு பள்ளம் பார்த்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். டெல்பின் முன்னால் நடந்து வழி சொன்னாள். விஷயம் கூட்டத்தில் வாய்க்கு வாய் பரவியது. சிரிப்பு அடங்கியது. அப்புறம் யாரோ கைதட்ட, சாலையின் இரண்டு பக்கமும் எல்லாக் கல்லூரிக்காரர்களும் நின்று கைதட்டினார்கள். ஜெயித்த தொட்டியை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மரிசெலா சாலையோரப் புல்லில் தனியாக நடந்து வந்தாள். தீர்ப்புச் சொன்னவள் அது நிறைவேறுவதைப் பார்க்க வேண்டும். கூட்டத்தில் சேர்ந்துகொள்ள அவளுக்குத் தைரியமும் இல்லை. இவர்கள் என் ஆட்கள் என்று நினைக்கும்போது நெஞ்சு விம்மியது. நான் இன்னும் இவர்களுடைய ஆளா என்று நினைத்தபோது கண் கலங்கியது.

டன்மோர் வாசலில் சரிவுப் பாதை செங்குத்தாக ஏறியது. வண்டி பாதியில் நின்று பின்னால் நழுவியது. மஞ்சள் சட்டைகள் உதவிக்கு ஓடிவந்தன. லானும் அவள் பக்கத்தில் கைப்பையைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்ன உருவ அம்மாவும் வாசலில் நின்றார்கள்.

"யாரும் கை வெக்காதீங்க!" என்று டெல்பின் கத்தினாள். "இது கெல்சோ வேலை. கெல்சோ மட்டும்தான்!"

மஞ்சள் சட்டைகள் விலகிக்கொண்டன. தள்ளுகிறவர்களின் கால்கள் ஈரத்தில் வழுக்கின. பியானோவுக்கு அடியில் தோளைக் கொடுத்திருந்த கிரேடி, சிவந்த முகத்தைத் திருப்பிப் புல்வெளியைப் பார்த்தான்.

"ஏய் கான்டூ! அங்க என்ன வேடிக்கை பாத்துட்டு நிக்கற? நீ கெல்சோ இல்லையா? வா, வந்து தள்ளு!"

மரிசெலா ஓடினாள். அவன் நகர்ந்து இடம் விட்டான்.