இஸ்திரிப் பெட்டி தின்ற எழுத்து

நல்ல பழக்கம்தான் அன்றைக்கு ஊசியக்காவின் கழுத்தை அறுத்தது. துணியை எம்பிராய்டரி வளையத்தில் மாட்டும் முன், சுருக்கம் போக இஸ்திரி போடுவாள். இருபது வருஷமாக அப்படித்தான். அன்றும் போட்டாள். பெட்டியைத் தூக்கினால் துணி வெள்ளை வெளேரென்று இருந்தது. அதில் எழுதியிருந்ததைக் காணோம்.

சூட்டில் அழிகிற பேனா அது. வழக்கமாக இஸ்திரி போட்ட பிறகு அவளே எழுத்தை வரைவாள். தைத்து முடித்ததும் இன்னொரு இஸ்திரி, கோடு மறைந்துவிடும். இந்தத் துணியோ வாடிக்கைக்காரியின் அப்பா, அதே பேனாவை வாங்கிப்போய் வீட்டில் வைத்துத் தன் கையால் எழுதி அனுப்பியது. 'தைரியமா போ.' மகள் நாளைக் காலை வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிறாள். அதை நூலால் தைத்து, அவள் குளிருக்குப் போடும் கோட்டின் உள்பக்கம், நெஞ்சுக்கு நேரே வைக்க வேண்டும். எழுதிய நாலாம் நாள் அப்பாவுக்குப் பக்கவாதம். இனி அந்தக் கை பேனா பிடிக்காது.

"நீயே எழுதிடேன். உன் எழுத்து அழகாத்தானே இருக்கும்," என்றான் புருஷன்.

"அதான் வம்பே. அவரோடது கோழி கிண்டின மாதிரி இருக்கும். பொறந்ததுலேர்ந்து அவ பாக்குற கோழி."

மணி மூணேகால். நாலு மணிக்கு மகள் வாங்கிப்போக வருவாள்.

பேனா விற்றவன் குறையாகச் சொன்னது அப்போதுதான் உறைத்தது: "நல்லா குளிர்ந்தா அழிஞ்சது திரும்ப வந்துடும்க்கா, என்னைத் திட்டாதீங்க." பட்டாணிப் பாக்கெட்டை வெளியே கடாசிவிட்டு, துணியைப் பையில் சுற்றி ஐஸ் பெட்டிக்குள் வைத்தாள். தெரிந்த சாமிக்கெல்லாம் மனுப் போட்டாள். தெரியாத சாமிகளையும் விடவில்லை.

புருஷன் ரெண்டு நிமிஷத்துக்கு ஒருதரம் கதவைத் திறந்தான்.

"தொறந்து தொறந்து பாத்தா எங்க குளிரும்? ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல நிக்கிற மாதிரி நிக்காதீங்க." அவனை நகர்த்திவிட்டு அதே இடத்தில் அவள் நின்றுகொண்டாள்.

நாலுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கையில் எடுத்தாள். எழுத்து வந்திருந்தது. உயிரும் வந்தது. ஆனால் அதற்கு அடியில், அதே கோழி கிண்டின எழுத்தில், இன்னொரு வரியும் வந்திருந்தது.

'போகாதடி கண்ணு.'

மனுஷன் முதலில் இதை எழுதி, இஸ்திரி போட்டு அழித்துவிட்டு, அதன் மேலேயே மற்றதை எழுதியிருக்கிறார்.

"அடியில இருக்குறதை மட்டும் அழிச்சுடு, சீக்கிரம்."

"ஒண்ணுக்குள்ள ஒண்ணு பின்னிக் கெடக்கு. பெட்டியை வெச்சா ரெண்டும் போயிடும்."

வாசல் மணி அடித்தது.

ஊசியக்காவுக்குப் பொய் வராது என்றில்லை. அன்று சமயத்துக்கு வந்து சேரவில்லை. நடந்ததைச் சொல்லித் துணியை நீட்டினாள். மகள் நின்றபடியே படித்தாள். மறுபடியும் படித்தாள். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம், பயணத்தையே நிறுத்திவிட்டால்? ஊசியக்கா போய் இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள்.

மகள் போனை எடுத்தாள். "அப்பா, போகாதேன்னு எழுதி அழிச்சீங்களா?"

மறுமுனையில் வாய் குழறக் குழற நீளமாக ஏதோ பதில். முழுவதும் கேட்டுவிட்டு வைத்தாள். மூக்கை உறிஞ்சினாள்.

"பேனா எழுதுதான்னு பாத்தாராம்."

புருஷன் வாயைத் திறந்தான். ஊசியக்கா அவன் காலை மிதித்தாள்.

"மேல இருக்குறதைத் தைங்கக்கா. தைச்சப்புறம் இஸ்திரி வேணாம். அடியில இருக்குறது இருக்கட்டும்."

"வளையத் தடம் தெரியுமேம்மா."

"தெரியட்டும். காலைல அஞ்சுக்குக் கிளம்பணும். இருந்தே வாங்கிட்டுப் போறேன்." ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.