எரிச்சலுக்கு இரண்டு மார்க்

சுகுமாரியின் பாத எரிச்சல் பத்துக்கு எட்டிலிருந்து இரண்டுக்கு இறங்கியதில், அவளைவிட டாக்டர் தேவகுமாருக்குத்தான் கொண்டாட்டம். சர்க்கரை நோயால் கால் எரிகிறவர்களுக்குப் புது மாத்திரை கொடுத்துப் பார்க்கும் சோதனை அவர் பொறுப்பில் நடந்தது. வாரந்தோறும் ஒரே கேள்வி: எரிச்சல் எவ்வளவு? வேறு எதைச் சொல்ல வாயெடுத்தாலும், "அதுக்கு இந்தத் தாள்ல எடமில்ல அக்கா" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

உதியன்குளங்கரையில் அவளுக்கு ஒரு தையல்கடை. மாத்திரை விழுங்கத் தொடங்கியதிலிருந்து மிஷினிலேயே தலை சாய்ந்துவிடுகிறது. பள்ளிக்கூடம் திறக்கிற நேரத்தில், தைக்கக் கொடுத்த யூனிபாரம் துணியை ஆட்கள் திரும்ப வாங்கிப் போனார்கள். இந்த மாத்திரை இப்படியே தேறிவிட்டால் கடைக்குப் பூட்டுதான்.

அடுத்த கட்டச் சோதனையில் எதைக் கேட்பது என்று நோயாளிகளிடமும் கலந்து பேச வேண்டுமாம், மேலிடத்து உத்தரவு. டாக்டர் கேள்விகளை அச்சடித்து முடித்துவிட்டுக் கூட்டம் போட்டார். பேனர், பொன்னாடை, பருப்புவடை, ஒன்றிலும் குறை வைக்கவில்லை. நன்றாக மார்க் போட்ட சுகுமாரியிடம் மைக்கைக் கொடுத்தார்.

சபையில் சாட்சி சொல்லிப் பழகிய வாய் அவளுக்கு. முதலில் பட்ட பாடு, கடைசியில் கர்த்தர் தந்த விடுதலை, அதுதான் முறை. அவள் பட்ட பாட்டில் தொடங்கினாள்.

"குளிகை விழுங்கினா பகலெல்லாம் ஒறக்கமாக்கும். சபை கொயர்ல பாடுத பிள்ளைக்க உடுப்புல கையைக் கொண்டு கழுத்துல வச்சுத் தச்சேன். அடுப்புல மீன்கறி கரிஞ்சு, அடுத்த வீட்டுக்காரி ஓடி வந்தா. நான் எழும்பல்ல."

முன்வரிசைச் சபைக்காரர்கள் பழக்கதோஷத்தில் "ஸ்தோத்திரம்" என்றார்கள். டாக்டரும் அதே சபைதான். விடுதலை வரட்டும் என்று சிரித்த முகமாகக் காத்திருந்தார். அவள் மைக்கைத் திருப்பி நீட்டினாள்.

"பின்னே?" என்றார்.

"பின்னே ஒண்ணும் இல்ல டாக்டரே, சாட்சி அம்புடுதான். ஒறக்கத்தையும் வேலையையும் பத்திக் கேக்க ஒரு எடம் போடுங்க."

"அது எதுக்கு அக்கா? எல்லாருக்கும் எரிச்சல் கொறஞ்சாச்சே!"

பனச்சமூட்டில் ஆட்டோ ஓட்டும் வேலாயுதன் பின்னால் எழுந்தார். "எனக்கும் ஒறக்கம்தான். எனக்க வண்டி இப்ப மகன் ஓட்டுதான்." அவரைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் கையைத் தூக்கினார்கள்.

டாக்டர் அச்சடித்த தாள்களைப் புரட்டினார். "இத நீங்க யாரும் சொல்லல்லியே?"

சுகுமாரிக்கு வந்த கோபத்தில் மைக் தேவைப்படவில்லை.

"சொல்ல வந்தா எடமில்லன்னு சிரிச்சீங்க. இப்ப எரிச்சல் கொறஞ்சாச்சாம்! முழிச்சிருந்தாத்தானே டாக்டரே எரிச்சல் தெரியும்?"