சமையலறைச் சுவரின் இருமல்

பேர்பெற்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த அந்த வீட்டைப் பழையபடி புதுப்பித்துப் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்த அன்றே சமையலறைச் சுவர் இரும ஆரம்பித்தது. பூச்சு காயவில்லை என்றார்கள். காய்ந்த பிறகும் இருமியது. டிக்கெட் வாங்கிக்கொண்டு வரிசையில் வந்த அந்த வீட்டு மூத்த மருமகளுக்கு மட்டும் அது யாருடைய இருமல் என்று உடனே தெரிந்துவிட்டது. செத்துப்போன அவளுடைய ஓரகத்தியின் இருமல்தான். முதலில் சின்னதாக, பிறகு பெரிதாக, அப்புறம் துணியை வாயில் பொத்திக்கொண்ட மாதிரி ஓர் அடக்கம்.

கலைஞர் அந்தச் சமையலறைக்கு ஜன்னல் வைக்கவில்லை. தெருவிலிருந்து பார்த்தால் சுவரின் அழகு கெடுமாம். அழகு கெடாமலிருக்க இரண்டு மருமகள்களும் வருஷக்கணக்கில் புகையைத் தின்றார்கள். மாமனார் வாயைத் திறக்கவில்லை. அவருக்குக் கலைஞர்தான் தெய்வம். இளையவள் இரத்தமாகத் துப்பிய அன்று மூத்தவள் கடப்பாரையை எடுத்துச் சுவரை உடைத்து, அந்த ஓட்டைக்கு நேராகக் கட்டிலைப் போட்டு அவளைப் படுக்க வைத்தாள். காற்றுப் பட்டதும் இருமல் நின்றது. விடிவதற்குள் தூங்கினாற்போலப் போய்விட்டாள். சேதி கேட்டு வந்த கலைஞர் பிணத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்து அழுதார். அதை மூத்தவள் மன்னிக்கவே இல்லை.

மூத்தவள் உடைத்த ஓட்டையே பிறகு ஜன்னலானது. பின்னால் வீடு கைமாறியது. புதுப்பித்தவர்கள் வரைபடத்தில் இல்லையென்று ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். வீட்டைச் சுற்றிக்காட்டும் பொறுப்பாளரிடம் அவள் போய்ச் சொன்னாள்.

“அந்த ஜன்னலைத் திறந்து விடுங்க. இருமல் நின்னுடும்.”

“அவர் வரையாத ஜன்னலை நாங்க எப்படிம்மா வைக்க முடியும்?”

“அவர் என்னிக்காவது அடுப்பு முன்னாடி நின்னிருக்காரா?”

“உடைச்சதே நீங்கதானாமே. உங்களை உள்ள விடறதே பெருசு.”

அவள் விடவில்லை. வாராவாரம் டிக்கெட் வாங்கி வந்து அதையே கேட்டாள். அவர்களும் பூச்சுக்கு மேல் பூச்சாகப் பூசிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்கள். கடைசியில் ஒருநாள் பொறுப்பாளர், சுவருக்குள் காற்று போய்வரக் கலைஞர் செய்த நுட்பத்தின் சத்தம் இது என்று வந்தவர்களிடம் அளந்துவிட்டார். ஆளுக்கு ஆள் சுவரில் காதை வைத்துக் கேட்டுக் கைதட்டினார்கள். கூட்டம் அடுத்த அறைக்கு நகர்ந்ததும் அவள் சுவரில் வாயை வைத்தாள்.

“இன்னும் எதுக்குடி வாயைப் பொத்தற? நல்லா இருமு.”

அன்றிலிருந்து அந்த அடக்கம் இல்லை. இருமல் தெருமுனை வரை கேட்கிறது. எதிர்வீட்டுக்காரர்கள் சத்தமாகப் பேசப் பழகிவிட்டார்கள். அவள் ஜன்னலைக் கேட்பதில்லை, வந்து கொஞ்ச நேரம் சுவரோரம் நின்றுவிட்டுப் போகிறாள். கூடத்திலிருக்கும் கலைஞரின் படம் ஒவ்வொரு பெரிய இருமலுக்கும் கீழே விழுகிறது. எடுத்துத் திரும்ப மாட்டுவது பொறுப்பாளரின் வேலைகளில் ஒன்று.