கம்பியில் காய்ந்த எண்ணெய்த் துணிகள்

என் வீட்டுக்காரர் நாள் முழுக்கக் காகிதம் வெட்டுகிறவர். அச்சகத்தில் அந்தப் பெரிய கத்தி இயந்திரம் அவர் பொறுப்பில்தான் இருக்கிறது. வெட்டி விழுகிற ஓரத் துண்டுகள் மூட்டை மூட்டையாகக் குப்பைக்குப் போவதைப் பார்த்துப் பார்த்து மனிதருக்கு என்னவோ ஆகிவிட்டது. அங்கே வாயைத் திறக்க முடியாது, முதலாளி இருக்கிறார். வீட்டில் யார் கேட்பது?

முதலில் சமையலறையிலிருந்த பேப்பர் ரோல் போனது. அடுத்து டிஷ்யூ டப்பா. அப்புறம் விருந்தாளிக்கென்று வைத்திருந்த பேப்பர் கப்பும் தட்டும். பழைய போர்வை, அவருடைய சட்டைகள், என்னைக் கேட்காமலே என் நைட்டி ஒன்று, எல்லாம் கைக்குட்டை அளவுக்கு வெட்டப்பட்டு அலமாரியில் ஏறின. தொழில் கை அல்லவா, ஒரு துண்டுகூட மட்டம் தப்பவில்லை. எதைத் துடைத்தாலும் அந்தத் துணியால் துடைத்து, நடைவழியில் இருக்கும் மூங்கில் கூடையில் போட்டு மூட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவரே துவைப்பார். சும்மா சொல்லக் கூடாது, ஒரு வாரமும் அவர் துவைக்காமல் விட்டதில்லை.

"அக்கா, மாமா வீட்டுல இருக்கும்போது தும்மவே பயமா இருக்கு" என்பாள் என் தங்கச்சி. 'பேப்பர் போலீஸ்' என்று அவருக்குப் பெயர் வைத்தவளும் அவள்தான். அவள் வீட்டுக்காரர் கப்பலில் வேலை பார்க்கிறார். பிரசவம் முடிந்து, பச்சைக் குழந்தையோடு எங்கள் வீட்டில் இருக்கிறாள். குழந்தையைத் துடைக்கிற ஈரத்தாள், அந்த வைப்ஸ் பாக்கெட்டுக்கும் மாமா தடை போட்டுவிட்டார். ராத்திரி முழுக்கப் பிள்ளை தூங்க விடாது. அதனால் மத்தியானம் போனைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு செத்த மாதிரி தூங்குவாள். அந்தக் கதவுக்கு வெளியே, நிலையை ஒட்டித்தான் மூங்கில் கூடை இருந்தது.

கடைசியாக அவருடைய கண் என் வேலைக் கொட்டகை மேல் விழுந்தது.

பழைய மேஜை நாற்காலிகளைத் தேய்த்து, எண்ணெய் ஏற்றி, புதுசு மாதிரி ஆக்கிக் கொடுப்பது என் வேலை. லின்சீட் என்கிற ஆளிவிதை எண்ணெயை மரத்தில் ஊற்றி, ஊறவிட்டு, மிச்சத்தைப் பேப்பரால் துடைத்து எடுப்பேன். துடைத்த பேப்பரைத் தண்ணீர் ஊற்றிய தகர டின்னில் அமுக்கி மூடிவிடுவேன். அதையும் நிறுத்து என்றார். மரம் தேய்க்கிற உப்புத்தாளை மட்டும் ஏனோ விட்டுவிட்டார், அதுவே பெரிய மனசு.

"நான் மாறுறேன்" என்றேன். "ஆனா எண்ணெய்த் துணியைக் கூடையில போடக் கூடாது. கொட்டகைக்குப் பின்னால கம்பியில ஒண்ணொண்ணா விரிச்சுத்தான் காயப் போடுவேன். அதை யாரும் தொடக் கூடாது."

"ஏன்?"

"லின்சீட் காயும்போது சூடாகும். விரிச்சுப் போட்டா சூடு காத்துல போயிடும். குமிச்சு வெச்சா உள்ளேயே ஏறி, தானா பத்திக்கும். தீக்குச்சியே வேண்டாம். நான் வேலை கத்துக்கிட்ட பட்டறையில என் கண்ணால பார்த்திருக்கேன்."

"சரி சரி" என்றார். அந்த 'சரி சரி'யை நான் அப்போதே பிடித்து உலுக்கியிருக்க வேண்டும்.

அன்று காலை ஒரு பெரிய சாப்பாட்டு மேஜைக்குக் கடைசித் தடவையாக எண்ணெய் ஏற்றித் துடைத்தேன். துணிகள் ஏகத்துக்கு நனைந்தன. எல்லாவற்றையும் கம்பியில் விரித்தேன். போன வாரம் துடைத்து வைத்திருந்த இன்னொரு மேஜையை வாடகை வேனில் ஏற்றிக்கொண்டு, ஊரின் அந்தக் கோடியில் இருக்கும் வாடிக்கையாளர் வீட்டுக்குக் கிளம்பினேன். என் வீட்டுக்காரருக்கு அன்று மதியத்துக்கு மேல்தான் வேலை. வாசலில் நின்று கையாட்டினார்.

மேஜையை மாடி ஏற்றி, கால்களை முடுக்கி, வாடிக்கையாளர் அம்மா அதன்மேல் கையை ஓட்டிப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தபோது ஜன்னலில் மழை சடசடத்தது. கம்பி ஞாபகம் வந்தது. நனைந்தால் ஒன்றுமில்லை, ஆனாலும் மனசு கேட்கவில்லை. வீட்டுக்காரருக்கு போன் போட்டேன். பின்னால் இயந்திரம் 'தடக் தடக்' என்று வெட்டிக்கொண்டிருந்தது.

"மழை வருதே, மாடித் துணியெல்லாம் எடுத்தீங்களா?"

"நான் கிளம்பும்போதே மூட்டமாத்தான் இருந்துச்சு. எல்லாத்தையும் எடுத்துட்டேன்" என்றார், பாராட்டை எதிர்பார்க்கிற குரலில். "உன் கம்பியில இருந்ததையும் எடுத்துட்டேன். சுருட்டி, கூடையில நல்லா அமுக்கி மூடி வெச்சிருக்கேன். நாளைக்குச் சேர்த்துத் துவைச்சிடலாம்."

அவர் கிளம்பி எத்தனை நேரம்? இவ்வளவு நேரம் அந்த மூங்கில் கூடை இண்டு இடுக்கெல்லாம் காற்றை உள்ளே விட்டுக்கொண்டிருக்கும். அதற்கு அந்தப் பக்கம் கதவு. கதவுக்குப் பின்னால் பிள்ளை.

"ஃபயர் சர்வீஸுக்கு போன் பண்ணுங்க" என்றேன்.

"என்னது?"

"அது பத்திக்கும்னு சொன்னேன் இல்ல? இப்பவே பண்ணுங்க!"

"ஏம்மா, ஒரு அழுக்குக் கூடைக்கு ஃபயர் சர்வீஸா? சிரிப்பாங்க. நான் முடிச்சுட்டுப் போய்..."

மீதியைக் கேட்கவில்லை. நானே தீயணைப்புக்குச் சொல்லி, விலாசம் கொடுத்தேன். தங்கச்சி நம்பரை அழுத்தினேன். அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அழுத்தினேன். மறுபடியும் ஓய்ந்தது. கூலியைக்கூட வாங்காமல் படியிறங்கி வேனில் ஏறினேன். "அண்ணே, வீட்டுக்கு. எவ்வளவு வேகமா முடியுமோ அவ்வளவு வேகமா" என்றேன். டிரைவர் என் முகத்தைப் பார்த்தார், வண்டியைக் கிளப்பினார். ஆனால் மழைக்கு ஊரே தெருவில் நின்றது. முன்னால் லாரி, பின்னால் பஸ், ஒரு அங்குலம்கூட நகரவில்லை.

வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற ஆள் ஒரே ஒருத்தி. மாடிவீட்டு டெய்லர் அக்கா.

அவள் எங்களோடு பேசிப் பல மாதம் ஆகிறது. எல்லாம் இந்தக் காகிதத்தால்தான். மகளுடைய பிறந்தநாளுக்கு எங்களை அழைத்திருந்தாள். இவர் எங்கள் வீட்டுத் தட்டையும் தம்ளரையும் பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். அதோடு விட்டாரா? அங்கே அடுக்கியிருந்த பேப்பர் தட்டுகளைக் காட்டி, வந்தவர்களுக்கெல்லாம் பாடம் எடுத்தார். "என் வீட்டு விருந்தைக் குப்பைன்னு சொல்லிட்டாரு" என்று அவள் அழுததாகக் கேள்வி. அதுவரை தன் வெட்டுத் துணிகளையெல்லாம் இவருக்காகச் சேர்த்து வைத்துக் கொடுத்தவள். அதற்கப்புறம் மாடியில் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும்தான் எங்களுக்கும் அவளுக்கும் மிச்சம். நானும் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வீம்பு.

போனை எடுத்தாள். "சொல்லு" என்றாள், கல் மாதிரி.

"அக்கா, என் வீட்டு நடைவழிக் கூடை தீப்பிடிக்கப் போகுது, பிடிச்சிருக்கும். தங்கச்சியும் குழந்தையும் உள்ளே தூங்குறாங்க. போன் எடுக்க மாட்டேங்கிறா. அக்கா, உங்க காலைப் பிடிச்சுக் கேக்கிறேன்..."

மெஷின் நின்றது. "பிள்ளை எந்த ரூம்ல?" என்றாள். நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் செருப்பில்லாத கால்கள் படியில் இறங்குகிற சத்தம். போனை அணைக்காமலே ஓடியிருக்கிறாள். நான் அதைக் காதோடு அமுக்கிக்கொண்டேன்.

வாசல் கதவை அறைகிற சத்தம். "ஏம்மா! கதவைத் திற!" மறுபடி அறை. "பொகை வருதும்மா! திற!" உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. லாரி ஒரு சக்கரம் நகர்ந்து நின்றது. நான் சாமியையெல்லாம் வரிசையாகக் கூப்பிட்டேன், திட்டவும் செய்தேன். கதவு அதிர்கிறது. தாழ்ப்பாள் இழுபடுகிறது. அப்புறம் டெய்லர் அக்காவின் குரல், "ஐயையோ" என்று ஒரே ஒரு சொல். ஏதோ விழுந்தது. தண்ணீர் கொட்டியது. இருமல், ஓட்டம், மறுபடி தண்ணீர்.

அதற்குப் பிறகுதான் குழந்தை வீறிட்டது. அந்த அழுகையைக் கேட்டு வேனில் உட்கார்ந்து நான் ஓவென்று அழுதேன். டிரைவர் அண்ணன் முன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் போய்ச் சேர்ந்தபோது தீயணைப்பு வண்டி திரும்பப் போயிருந்தது. கூடை முற்றத்தில் கவிழ்ந்து கிடந்தது, பாதி இல்லை. நடைவழிச் சுவர் கூரை வரைக்கும் கறுத்திருந்தது. தங்கச்சியின் அறைக் கதவு கீழ்ப்பக்கம் கருகி, நிலையில் கரி பிடித்திருந்தது. அந்தக் கரியை விரலால் தொட்டுப் பார்த்தேன். தீ உள்ளே போக இன்னும் ஒரு சாண்கூட இல்லை.

தங்கச்சி குழந்தையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு முற்றத்து மூலையில் உட்கார்ந்திருந்தாள். "சத்தம் கேட்டுச்சுக்கா. மாமாதான் சோதனைக்கு வந்துட்டாருன்னு நெனச்சேன். முதல்ல வைப்ஸ் பாக்கெட்டைத் தலகாணி உறைக்குள்ள ஒளிச்சேன். அப்புறம்தான் எழுந்து, பொகைக்குள்ள ஓடி வந்து வாசலைத் திறந்தேன்" என்று சொல்லி விம்மினாள். அதற்கு அழுவதா சிரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை.

டெய்லர் அக்காவின் முகமும் கையும் கரியாக இருந்தன. முழங்கை வரை சிவந்திருந்தது. கையைப் பிடித்துக்கொண்டேன். "விடு" என்றாள், ஆனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் வந்தார். வாசலில் நின்றார். சுவரைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். மெதுவாக முற்றத்துக்கு வந்து, கூடையில் மிச்சமிருந்த துணி உருண்டைக்குள் கையை விட்டார். அத்தனை தண்ணீர் ஊற்றியும் அது இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

"நீ சொன்னே" என்றார்.

"சொன்னேன்."

"நான்..." கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "பேப்பரை விட மனசில்லாம நீ கட்டுற கதைன்னு நெனச்சேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கூடையை எடுத்து அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். இத்தனை வருஷம் ஒன்றாக இருந்திருக்கிறோம். என் தொழிலில் நான் சொல்கிற ஒரு வார்த்தை அவருக்கு ஒரு பேப்பர் ரோலுக்கான சாக்காகத் தெரிந்திருக்கிறது. அவர் துணியைச் சுருட்டியதைவிட அதுதான் என்னைச் சுட்டது.

"துடைக்க ஒரு துணி குடுங்களேன், கண்ணுல எரியுது" என்றாள் டெய்லர் அக்கா.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அலமாரி காலி. நாளைக்குத் துவைக்கவென்று வீட்டிலிருந்த துண்டுத் துணி மொத்தமும் கூடையில்தான் இருந்தது. தங்கச்சி என்னைப் பார்த்தாள், பிறகு மாமாவைப் பார்த்தாள். எழுந்து உள்ளே போய்த் தலையணை உறைக்குள்ளிருந்து பாக்கெட்டை எடுத்து வந்தாள். அவர் கையை நீட்டினார். அவள் கொடுக்கத் தயங்கினாள். அவரே வாங்கி, ஒரு தாளை உருவி, தலையைக் குனிந்துகொண்டு டெய்லர் அக்காவிடம் நீட்டினார்.

"அன்னிக்கு உங்க வீட்டுல நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுக்கா" என்றார்.

"அதைச் சொல்றதுக்கு வீடு எரியணுமா?" என்று கேட்டுவிட்டு, அவள் தாளை வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அவர் என் பக்கம் திரும்பினார். "நான் போய் உனக்குப் பேப்பர் ரோல் வாங்கிட்டு வரட்டுமா? எத்தனை வேணும்னாலும் வாங்கிக்க."

"வேண்டாம்" என்றேன். "துணி மேல ஒரு தப்பும் இல்ல. பேப்பர் இல்லாம இந்த வீட்டுல நான் இருந்துடுவேன். என் வார்த்தைக்கு மதிப்பு இல்லாம இருக்க மாட்டேன்."

அவர் கொட்டகைக்குப் பின்னால் போனார். கம்பியில் அவர் கவனிக்காமல் விட்ட எண்ணெய்த் துணி ஒன்று மழையில் நனைந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதன் சுருங்கிய முனையை நீவி விரித்துவிடக் கையை நீட்டினார். பாதியில் நிறுத்தி, திரும்பி என்னைப் பார்த்தார்.

"இதைத் தொடலாமா?" என்று கேட்டார்.