வாழ்த்துச் சொல்லாதவர்கள் வரிசையில் நிற்கட்டும்

நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் மெயில் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் நாள் அது. படிக்காத மெயில் நாலாயிரம் கிடந்தது. கடன், இணையதளம் என்று வந்த சில விளம்பரம் தவிர எல்லாவற்றுக்கும் "தீபாவளி வாழ்த்துகள்" என்றே தலைப்பு. ஆடி மாதத்தில் என்ன வாழ்த்து! எரிச்சலில், வாழ்த்து என்று வரும் மெயிலெல்லாம் தானாகவே தனி ஃபோல்டருக்குப் போகும்படி செய்துவிட்டேன்.

மறுநாள் காலை இன்பாக்ஸ் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. முதலாளி சங்கரபாண்டியன் அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவர் திரையை உற்றுப் பார்த்தார். "ஏம்மா அனுப்பிரியா, சீசன் நேரத்துல ஒரு ஆர்டர்கூடவா வரல?"

"வாழ்த்துத்தான் அண்ணாச்சி குவிஞ்சு கெடந்துச்சு. ஒதுக்கிட்டேன்."

"அடிப்பாவி! நம்ம ஆர்டர் பாரத்துலயே மேல வாழ்த்துத்தானம்மா அச்சடிச்சிருக்கோம். அதத் தலைப்புல போடாம எவன் சரக்கு கேப்பான்?"

பதறிப்போய் ஃபோல்டரைத் திறந்தேன். சேலம், கொல்லம், ஹூப்ளி! நேற்று ஒரே நாளில் மட்டும் அறுபத்திரண்டு ஆர்டர்!

"அம்புட்டுமா?" என்று அண்ணாச்சி கத்தினார். நான் அவரைவிடச் சத்தமாகக் கத்தினேன்.

செட்டிங்கை அப்படியே தலைகீழாக மாற்றிவிட்டேன். இப்போது வாழ்த்துபவர்கள்தான் முதலில் வருகிறார்கள். கடன் வேண்டுமா, இணையதளம் வேண்டுமா என்று கேட்பவர்கள் தீபாவளி வரை காத்துக் கிடக்கட்டும்.